அகிலாண்டம் திறந்த கதவு

தேவகிருபையின் குரலை நல்ல குரல் என்று சொல்ல முடியாது. தட்டையான குரல், கொஞ்சம் மூக்கில் வரும். கோபமான இடத்தையும் அழுகையான இடத்தையும் அவள் ஒரே மாதிரிதான் வாசிப்பாள். ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டாள், ஒரு சொல்லையும் விழுங்கமாட்டாள். போடியில் சௌந்தரபாண்டியன் ஏலக்காய்க் கடையின் பின்கட்டில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கிய நீண்ட கொட்டகையில், கடைசி வரிசை வரைக்கும் அந்தக் குரல் போய்ச் சேரும். அங்கே அதற்கு மேல் யாரும் எதிர்பார்க்கவில்லை.

காய் பொறுக்குவது கண்ணுக்கும் விரலுக்கும் உரிய வேலை. மலையிலிருந்து வந்த காயை முறத்தில் பரப்பி, காம்பைக் கிள்ளி, பச்சையை ஒரு பக்கமும் வெளுத்ததை ஒரு பக்கமும் வெடித்ததை ஒரு பக்கமும் தள்ள வேண்டும். காதுக்கு வேலை கிடையாது. அதனால் அந்தக் கொட்டகையில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருத்தி புத்தகம் வாசிப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பொறுக்குவார்கள். கூலி எடைக்குத்தான்; வாசிக்கிறவளின் முறம் சும்மா கிடக்குமே. அதற்காக ஒவ்வொருத்தியும் மணிக்கு ஒரு தடவை தான் பொறுக்கிய காயில் ஒரு பிடி அள்ளி அவள் முறத்தில் போடுவாள். அதற்கு வாசிப்புப் பிடி என்று பெயர். கதை பிடிக்காத நாளில் பிடி சிறுத்துவிடும். அந்த வகையில், பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளைவிட அது நேர்மையானது.

தேவகிருபை எட்டாவது வரை படித்தவள். அவள் அப்பா யோசேப்பு சிலேட்டும் பாட்டுப் புத்தகமும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். புருஷன் ஜெபமணி ஜீப்பு ரிப்பேர் பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பிரசங்கம் செய்யும் உபதேசியாருக்குத் தொண்டை கட்டினால் வேதத்தை வாசிப்பதும் அவள்தான். கொட்டகைப் பெண்கள் பெரும்பாலும் எழுத்துத் தெரியாதவர்கள். கோயிலில் வேதம் வாசிக்கிற வாய் கொட்டகையில் கதை வாசித்தபோது, அதுவும் எங்கோ நடந்த விஷயம் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அச்சில் இருந்தால் நடந்திருக்க வேண்டும். நடக்காததை எவன் மெனக்கெட்டு அச்சடிப்பான்?

இன்னொரு சட்டமும் இருந்தது. வாசிக்கிறவள் முன்கூட்டிப் படித்துவிட்டு வரக் கூடாது. "நீ படிச்சிட்டு வந்தா உன் தொண்டையிலேயே தெரிஞ்சுபோகும் ஆத்தா, எவன் சாகப் போறான்னு" என்பாள் மருதாயி. கொட்டகையில் மூத்தவளும் வாய்த்துடுக்கு மிகுந்தவளும் அவள்தான். தேவகிருபை அந்தச் சட்டத்தை மீறியதில்லை. வினை அதிலிருந்துதான் வந்தது.

1956 கார்த்திகையில் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அகிலாண்டம் கதை. புத்தகத்துக்கு உண்மையில் என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய காகிதக் கட்டிலிருந்து தேவகிருபை கேட்டு வாங்கி வந்தது. முன்னட்டையும் முதல் தாளும் போயிருந்தன. கதாநாயகியின் பெயர் அகிலாண்டம் என்பதால் கதைக்கும் அதே பெயர் நிலைத்தது.

பெரிய கதை ஒன்றும் இல்லை. அகிலாண்டத்தின் கணவன் அக்கரைக்குக் கப்பலேறுகிறான். முதல் வருஷம் கடிதம் வருகிறது, பிறகு நின்றுபோகிறது. அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்ற செய்தி மட்டும் வருகிறது. அகிலாண்டம் அப்பளம் இட்டு விற்றுப் பெண்குழந்தையை வளர்க்கிறாள். ஏழு வருஷம் கழித்து ஒரு மழைநாளில் வாசல் கதவு தட்டப்படுகிறது. "அகிலாண்டம், நான்தான்" என்கிறது ஒரு குரல். அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

அந்த வரியோடு தாள் தீர்ந்துவிட்டது. தேவகிருபை பக்கத்தைத் திருப்பினாள். பின்னட்டை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் உள்பக்கம் வெறும் பழுப்புக் காகிதம்.

கொட்டகையில் எல்லாருடைய கையும் நின்றிருந்தது. சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிஷம்கூட இல்லை.

"என்னடி, தொண்டை அடைச்சிருச்சா? தண்ணி கொண்டாரவா?" என்றாள் மருதாயி. "திறந்தாளா இல்லையா, அதைச் சொல்லிட்டு அப்புறமா அடைச்சுக்க."

தேவகிருபை பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. அப்போதும் பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நாற்பது பேர் காத்திருந்தார்கள், மணி அடிக்கப் போகிறது, பார்ப்பதற்கு ஒரு தாள் முன்னால் இருந்தது. வெறுந்தாள்தான் என்றாலும் தாள். அதைப் பார்த்து அதே தட்டைக் குரலில் வாசித்தாள். அகிலாண்டம் கதவைத் திறந்தாள். அவன் நனைந்து நின்றான். அவன் கண்ணில் நீர் வந்தது. அகிலாண்டம் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஓர் உலர்ந்த துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். குழந்தை அவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து "அப்பா" என்றது. அதன் பிறகு அவர்கள் நன்றாக இருந்தார்கள். மணி அடித்தது.

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மருதாயிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கண்ணுல தூசி, இந்தக் காய்த் தூசியே இப்படித்தான்" என்றாள். அன்று பிற்பகல் வாசிப்புப் பிடி விழுந்து விழுந்து முறம் நிறைந்து கீழே சிதறியது. அதைப் பொறுக்கி எடுக்கும்போதுதான் தேவகிருபைக்கு முதல் தடவையாக உறுத்தியது.

மூன்றாம் வரிசையில் இருந்த சோலையம்மாள் அழவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சோலையம்மாளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். புருஷன் பேச்சிமுத்து ஆறு வருஷத்துக்கு முன் மலைக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். மகள் வீரலட்சுமிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் நாலாவது படித்தாள். பத்து நாள் கழித்து வேலை முடிந்து திரும்பும்போது சோலையம்மாள் தேவகிருபையோடு சேர்ந்து நடந்தாள்.

"மலைக்கு ஜீப்பு ஓட்டுறவருகிட்ட மேலேருந்து சொல்லி விட்டிருக்காரு, புள்ளைய கூட்டிக்கிட்டு வந்துருன்னு. பொங்கல் கழிச்சு வர்றேன்னு நானும் சொல்லி விட்டுட்டேன்."

"எந்த மேல? யாரு?"

"யாரு, அந்த மனுசன்தான். அவ போயிட்டாளாம். ஒத்தையா இருக்காராம்."

"ஆறு வருஷமா ஒரு சேதி இல்ல. திடீர்னு எப்படி சோலை?"

"என்னடி திடீர்னு? அகிலாண்டம் ஏழு வருஷம் கழிச்சுத் திறக்கலையா? எனக்கு ஆறுதான். அவளை விட நான் என்ன ஒசத்தி?" சோலையம்மாள் சிரித்தாள். பல நாளாக இல்லாத சிரிப்பு. "நல்லா இருந்தாகன்னு அச்சுலயே போட்டிருக்கான்ல."

தேவகிருபை மனதுக்குள் கணக்குப் போட்டாள். வீட்டைக் காலி செய்துவிட்டு மேலே போனால் திரும்பி வர சோலையம்மாளுக்கு இடமில்லை. கொட்டகையில் அவள் இடத்துக்கு அடுத்த நாளே வேறொருத்தி வந்துவிடுவாள். மேலே வீரலட்சுமிக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது. இரண்டு வருஷத்தில் அவளும் தோட்டத்தில் காய் பறிப்பாள். இவ்வளவும் ஒரு பழுப்புக் காகிதத்தைப் பார்த்து வாசித்த நாலு வரியில் வந்து நின்றது.

அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் தோன்றியது. உண்மையான புத்தகத்திலும் அகிலாண்டம் கதவைத் திறந்திருந்தால், தான் செய்தது தவறாகாது. இப்படித் தேடுவது மனித இயல்பு. செய்ததை ஒப்புக்கொள்வதற்கு முன்னால், ஒப்புக்கொள்ளத் தேவையில்லாமல் போக வழி உண்டா என்று எல்லோரும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறோம். வித்தியாசம், அவள் அதற்காக ரயிலேறினாள்.

மதுரையில் பொருட்காட்சி நடக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் ஜெபமணி. "புத்தகக் கடையெல்லாம் ஒரே கொட்டகைக்குள்ளயாம். சினிமாவுக்குத் தனிக் கொட்டகையாம். போறதுன்னா சனிக்கிழமை போயிட்டு வந்துரு, நான் சோத்தைப் பாத்துக்கிறேன்." பிறகு யோசித்துச் சொன்னான்: "ஆனா பேரு தெரியாது, எழுதினது யாருன்னு தெரியாது. நம்பர் தெரியாத ஜீப்பைத் தேடப் போற மாதிரி இருக்கு."

"கலரு தெரியும்ல" என்றாள் தேவகிருபை.

மார்கழிப் பனியில் காலை ரயில் கிளம்பியது. யுத்தத்தில் பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி வளைந்தபோது பெண்கள் பெட்டியில் பாதிப் பேர் இன்னும் எழுந்து நின்று பார்த்தார்கள். தேவகிருபை துணிப்பையில் இருந்த கிழிந்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதுரைக்கு அவள் இதற்கு முன் இரண்டு தடவைதான் வந்திருக்கிறாள், இரண்டும் ஆஸ்பத்திரிக்கு.

பொருட்காட்சி ஆற்றுக்கு வடக்கே ஒரு மைதானத்தில் இருந்தது. வாசலில் ஒலிபெருக்கி யாரோ காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இலக்கியக் கொட்டகையில் முதலில் கண்ணாடிக்குள் ஓலைச்சுவடிகள். அதற்கடுத்து ஒரு பழைய கையச்சு இயந்திரம். ஒருவர் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்து, வருகிறவர்களின் பெயரை அட்டையில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் அறை அறையாக இருந்த பெட்டிக்குள் போய்வந்த விதம் தேவகிருபைக்குப் பழக்கமானது. காய் பொறுக்குவது போலவே இருந்தது.

"என்ன அடிக்கணும்மா?"

"எது சொன்னாலும் அடிப்பீங்களா?"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சொன்னதை அடிக்கிறதுதானேம்மா நம்ம சோலி. நெசமா பொய்யான்னு பாக்குறதுக்கு எனக்கு யாரு சம்பளம் குடுக்குறா?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். அட்டை வந்தது. அவர் உடனே அந்த எழுத்துகளைக் கலைத்து அதனதன் அறையில் போட்டார். ஒரு நிமிஷத்துக்கு முன் தேவகிருபை என்று நின்றவை அடுத்த ஆளின் பெயராக ஆகிக்கொண்டிருந்தன. மை காயாத அட்டையை விரல்நுனியில் பிடித்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

பிறகு கடைகள். முதல் கடைக்காரர், "ஆசிரியர் யாரும்மா?" என்றார். தெரியாது என்றாள். "பதிப்பகம்?" தெரியாது. "நாவலோட பேரு?" அதுவும் தெரியாது, பெண்ணின் பெயர் அகிலாண்டம் என்றாள். அவர் பொறுமையாக, "அகிலாண்டேசுவரி பேர்ல ஒரு தோத்திரம் இருக்கு, தரட்டுமா?" என்றார். இரண்டாம் கடையில் இருந்த இளைஞன் கிழிந்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இந்த மாதிரி கதை நூறு இருக்கும்மா, எல்லாத்துலயும் கதவைத் தட்டுறான்" என்றான். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. நான்காம் கடையிலும் இல்லை என்றானபோது மதியம் கடந்திருந்தது. ஒரு வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு, திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்ததால், வெயிலுக்கு ஒதுங்குவதற்காகச் சினிமாக் கொட்டகைக்குள் போனாள்.

உள்ளே பெரிய விளக்குகள், மூன்று கால் வைத்த கேமரா, துணியில் வரைந்த ஒரு மலை. மலையை வரைந்தவன் மலையைப் பார்த்திருக்கமாட்டான். எல்லா மரமும் நேராக நின்றது; எங்கேயும் மேகம் படியவில்லை. அதைத் தாண்டி ஒரு வரிசை. முப்பது நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள். வரிசையின் கடைசியில் ஒரு வாசல்கால், அதில் ஒரு கதவு. மேலே பலகை: அகிலாண்டம் திறந்த கதவு.

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு வரிசையில் நின்றாள்.

முறை வந்தவர்கள் உள்பக்கமாகப் போய் நின்று, தாழ்ப்பாளில் கை வைத்து, கதவைத் திறந்து முகத்தை நீட்ட வேண்டும். எதிரில் புகைப்படக்காரர் ஒருவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொருத்தியும் தாழ்ப்பாளைத் தொட்டதும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். ஒருத்தி கூடத் திறக்காமல் இருக்கவில்லை. வரிசையில் நின்றதே திறப்பதற்காகத்தான்.

"வாங்கம்மா, உள்ள போங்க. தாழ்ப்பாள்ல கை வைங்க" என்றார் கதவுக்குப் பொறுப்பாக நின்றவர், காக்கிச் சட்டை போட்ட மனிதர்.

தேவகிருபை உள்ளே போகாமல் கதவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். பின்னால் வீடு இல்லை. ஒட்டுப் பலகைக்கு இரண்டு கட்டை முட்டுக்கொடுத்திருந்தது. பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் ஏதோ எண் எழுதியிருந்தது. அங்கிருந்து திரும்பி, தட்டுகிறவன் நிற்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லம்மா."

"புருஷன் நின்னது இந்தப் பக்கம்தானே?"

"ஆமா. படத்துல மழை பெய்யும். இங்க மழைக்கு எங்க போறது?"

"கதவைத் திறந்ததும் அவர் என்ன சொன்னாரு?"

"யாரு?"

"புருஷன்தான். ஏழு வருஷம் எங்க இருந்தேன்னு ஏதாச்சும் சொன்னாரா?"

காக்கிச் சட்டைக்காரர் யோசித்தார். படத்தை அவர் பல தடவை பார்த்திருக்க வேண்டும். "பாட்டு வந்துருச்சும்மா" என்றார் கடைசியில். "திறந்ததும் பாட்டுத்தான். நல்ல பாட்டு."

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, "வெரசா திறங்கக்கா, எங்களுக்கு பஸ்சு போயிரும்" என்று கத்தினாள். தேவகிருபை ஒதுங்கி வழிவிட்டாள். படத்தின் பெயரை அந்த மனிதர்தான் சொன்னார். நாவலுக்கும் அதே பெயர், இலக்கியக் கொட்டகையில் வடகோடிக் கடையில் கிடைக்கும் என்றார். அந்தப் பெயரில் விளக்கு என்றொரு சொல் வந்தது. கதையில் அப்படி எந்த விளக்கும் கிடையாது.

வடகோடிக் கடையில் புதுப் பதிப்பு அடுக்கியிருந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பிரித்தாள்.

"கடைசியை முதல்ல படிச்சுட்டா அப்புறம் என்னம்மா இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"முதல்ல உள்ளதையெல்லாம் படிச்சாச்சுங்க. இது மட்டும்தான் பாக்கி."

காணாமல் போயிருந்தது இரண்டரைப் பக்கம். அகிலாண்டம் தாழ்ப்பாளை நீக்குகிறாள். அவன் நனைந்து நிற்கிறான். ஒரு முழுப் பக்கம் பேசுகிறான்; மனித வாழ்வு, விதி, தாயின் கண்ணீர். எங்கே இருந்தான் என்று மட்டும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். ஆம், துண்டுகூட இருந்தது. குழந்தை "அப்பா" என்கிறது. சுபம்.

தேவகிருபைக்கு உடம்பு லேசானது. தான் வாசித்தது சரி. அச்சிலும் அதுவே இருக்கிறது. சோலையம்மாளிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் கழித்து அவள் மேலே போகட்டும்.

புத்தகத்தை மூடுவதற்கு முன் அந்த இரண்டரைப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தாள். அப்போது அந்த லேசு போய்விட்டது. துண்டு எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் சொன்ன முடிவில் துண்டு வந்தது, வேறு என்ன சொல்வதென்று தெரியாததால். கொட்டகையில் மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருந்ததால். அவன் என்ன சொல்வான், அகிலாண்டம் என்ன கேட்பாள் என்று யோசிக்க நேரம் இல்லாததால் ஒரு துண்டு. இந்த ஆசிரியருக்கும் அதே இடத்தில் அதே துண்டு வந்திருக்கிறது. அவருக்கும் ஏதோ ஒரு மணி அடிக்க இருந்திருக்கிறது. சினிமாக்காரர்களுக்குப் பாட்டு வந்திருக்கிறது. மூன்று பேரும் கதவைத் திறந்துவிட்டார்கள். மூன்று பேரில் ஒருவருக்கும் திறந்த பிறகு என்ன நடக்கும் என்று தெரியாது.

இரண்டு பேர் ஒன்றைச் சொன்னால் அது ஒருவர் சொன்னதைவிட உறுதியானது என்று நாம் நினைக்கிறோம். இரண்டு பேரும் ஒரே அவசரத்தில் சொல்லியிருக்கலாம் என்பதை நினைப்பதில்லை. தேவகிருபை தத்துவம் படித்தவள் அல்ல. அவள் அதைக் கண்டுகொண்டது, தானே அந்த அவசரத்தைச் செய்திருந்ததால். அவளைப் பற்றிப் பாராட்டிச் சொல்ல ஒன்று உண்டென்றால் அது இதுதான்: அச்சு தன் பக்கம் நின்றபோதும் அவள் அதை நம்பவில்லை.

புத்தகத்தை வாங்கிக்கொண்டு ரயிலேறினாள்.

திங்கட்கிழமை காலை கொட்டகையில் எல்லோரும் முறத்தைப் பரப்பியதும், அடுத்த கதைக்காகக் காத்திருந்தவர்கள் முன்னால் அவள் எழுந்து நின்றாள்.

"அன்னைக்கு நான் வாசிச்ச கடைசி, தாள்ல இல்ல" என்றாள். "தாள் கிழிஞ்சு போயிருந்துச்சு. நானாச் சொன்னேன்."

மருதாயிதான் முதலில் வாய் திறந்தாள். "நீயாவா? துண்டு எடுத்துக் குடுத்தாளே, அதுவுமா?"

"அதுவும்தான்."

சோலையம்மாள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். காய் உருண்டு ஓடியது. "புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பேரு எடுக்கச் சொல்லிட்டு வந்துட்டேன்டி. சாமான் சட்டெல்லாம் கட்டிட்டேன். நீயாச் சொன்னேங்கிற?"

"ஆமா சோலை."

"கோயில்ல வாசிக்கிற வாயி! த்தூ!" அவள் மூச்சு வாங்கினாள். "சரி, நெசப் புத்தகத்துல என்னதான் போட்டிருக்கு?"

"அதுலயும் திறந்தாள்னுதான் போட்டிருக்கு."

கொட்டகையில் சிரிப்பு கிளம்பியது. "அப்புறம் எதுக்குடி எந்திரிச்சு நிக்கிற? உக்காந்து அடுத்ததை வாசி" என்றாள் மருதாயி.

தேவகிருபை உட்காரவில்லை. "எழுதினவரும் என்னை மாதிரித்தான் பெரியாத்தா. முடிக்கணும்னு முடிச்சிருக்காரு. ஏழு வருஷம் எங்க இருந்தன்னு ஒரு கேள்வி, அவளும் கேக்கல, அவரும் எழுதல, நானும் சொல்லல. சினிமாவுல பாட்டைப் போட்டுட்டானாம்." சோலையம்மாளைப் பார்த்துச் சொன்னாள்: "போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. நான் சொன்னதை வச்சுப் போகாத. அவ்வளவுதான்."

அன்று புதுக் கதை தொடங்கியது. பிடி சரியாக விழவில்லை. பாதிப் பேர் போட்டார்கள், பாதிப் பேர் மறந்த மாதிரி இருந்தார்கள். சோலையம்மாள் போடவில்லை. இரண்டாம் நாளும் போடவில்லை. வாசிக்க வேறு ஆள் பார்க்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

புதன்கிழமை விடியற்காலையில் தேவகிருபையின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வீரலட்சுமி கையில் துணிப்பையோடு நின்றாள்.

"அம்மா மேல போயிருக்காக. மருதாயி அப்பத்தாவும் கூடப் போயிருக்கு. நாளைக்கு வந்துருவாகளாம். அதுவரைக்கும் உங்க வீட்ல இருந்து பள்ளிக்கூடம் போகச் சொன்னாக."

"பள்ளிக்கூடத்துல பேரு எடுத்தாச்சே?"

"டீச்சர் இன்னும் எடுக்கல. பொங்கல் வரைக்கும் பாப்போம்னு சொன்னாக."

மலையடிவாரத்துக் குரங்கணி வரைக்கும் ஜீப்பு. அதற்கு மேல் நடை. மருதாயியின் தங்கை அந்த எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்ததால் ஒரு ராத்திரி தங்க இடம் இருந்தது. வியாழக்கிழமை பொழுது சாயும்போது இருவரும் காலில் அட்டைப்பூச்சிக் கடியோடு இறங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை சோலையம்மாள் கொட்டகையில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். தேவகிருபை புத்தகத்தைப் பிரித்தபோது, "மூடி வை. இன்னைக்கு நான் சொல்றேன்" என்றாள்.

அன்று தேவகிருபை மற்றவர்களைப் போலக் காய் பொறுக்கினாள்.

"போனேன். லயத்துல கடைசி வீடு. கதவெல்லாம் இல்ல, சாக்குத்தான் தொங்குது. எதைத் தட்ட?" என்று தொடங்கினாள் சோலையம்மாள். "என்னைப் பாத்ததும் அந்த மனுசன் மூட்டை எங்க, புள்ள எங்கன்னுதான் கேட்டாரு. மூட்டை இருக்கட்டும், எதுக்குக் கூப்பிட்டன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம் கழிச்சு, சோறு பொங்க ஆளில்லன்னாரு."

"அடப் பாவி!" என்றாள் ஒருத்தி.

"இரு. எனக்கும் முதல்ல ஆத்திரம்தான். அப்புறம் யோசிச்சேன், இது பொய் இல்லையே. அகிலாண்டம் புருஷன் ஒரு பக்கம் பேசுனானாமே, அதுல இந்த மாதிரி ஒரு வார்த்தை இருக்கா?" தேவகிருபையைப் பார்த்தாள். தேவகிருபை இல்லை என்று தலையாட்டினாள். "நம்மாளுக்கு நாலு வார்த்தைக்கு மேல வராது, அதுவும் நல்லதாப் போச்சு. அவ ஏன் போனான்னு கேட்டேன். குடிச்சுட்டு அடிச்சேன், போயிட்டாள்னாரு. இப்பவும் குடிக்கிறியான்னேன். ஐப்பசியிலேருந்து இல்லன்னாரு. பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சிகிட்டயும் கேட்டேன், அதுவும் அதேதான் சொல்லுச்சு."

"சாட்சி விசாரிச்சாளாக்கும்!" என்று மருதாயி இடையில் பெருமையோடு சொன்னாள். "நான் கூட இருந்து பாத்தேன். கோர்ட்டு மாதிரி இருந்துச்சு."

"சோறு பொங்கத்தான் ஆளு வேணும்னா அங்கேயே ஒரு ஆளைப் போட்டுக்க. பொண்டாட்டி புள்ள வேணும்னா கீழ இறங்கி வா, வந்து ஒரு சோலியைப் பாரு, கொஞ்ச நாள் எங்க கண்ணுல படுற மாதிரி இரு. அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"வருவாரா?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் சோலையம்மாள். பிறகு தன் முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி, எட்டி, தேவகிருபையின் முறத்தில் போட்டாள். "கேள்வி கேக்கலாம்னு சொன்னேல, அதுக்கு. அன்னைக்குச் சொன்ன பொய்க்கு இன்னும் கோபம் இருக்கு."

பொங்கல் வந்து போனது. கட்டிய சாமான் அவிழ்ந்து பழைய இடத்துக்குப் போனது. தை முழுவதும் மேலிருந்து சேதி இல்லை. வராமலே போகட்டும் என்று சிலர் சொன்னார்கள். சோலையம்மாள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டாள்.

மாசி முதல் வாரத்தில் பேச்சிமுத்து தகரப்பெட்டியோடு இறங்கி வந்தான். அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் படுக்கை. பகலில் லாரிக்கு லோடு ஏற்றும் வேலை. சாயங்காலம் தலையில் தூசியைத் தட்டிவிட்டு வந்து பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிற்பான். முதல் நாலு நாள் வீரலட்சுமி அவனைப் பார்க்காதவள் போல அந்தப் பக்க ஓரமாக நடந்தாள். ஐந்தாம் நாள் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். தெருமுனை வந்ததும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் அவனை இன்னும் கூப்பிடவில்லை. கொட்டகையில் தினமும் ஒருத்தியாவது கேட்பாள், "என்னடி, எப்பத்தான் முடிவு சொல்லப் போற?" என்று. சோலையம்மாள் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொல்வாள்:

"அவசரம் உங்களுக்குத்தான். எனக்கு என்ன அவசரம்? அந்த மனுசன் தினமும் வந்துக்கிட்டுத்தானே இருக்காரு."